நோகுதா மாமா?

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டில் என்னென்னவோ கொடுப்பார்கள். எனக்கு என் மாமா, அதாவது மனைவியின் வாப்பா, வீட்டில் ஓர் அறையும் ஒரு மோட்டார் சைக்கிளும் தந்தார். தன் வலது காலின் சின்ன விரலையும் தந்தார். முதல் இரண்டும் ஊர் வழக்கம். மூன்றாவது முழுக்க முழுக்க என் கெட்டித்தனத்தால் கிடைத்தது.

கல்யாணம் முடிந்து சாய்ந்தமருதில் பர்ஹானாவின் வீட்டுக்கு நான் குடிவந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. (எங்கள் ஊர்களில் ஆண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவான்.) புது மாப்பிள்ளை என்றால் பாதி விருந்தாளி, பாதி ராசா. நான் ஒரு தரம் இருமினால் போதும், மாமி கதவுத் திரைக்குப் பின்னால் நின்று, "மகள், அவருக்குக் கொத்தமல்லி அவிச்சுக் குடுங்க" என்பார். என்னோடு நேராக ஒரு சொல் பேசியதில்லை. மாமாவோ நான் விறாந்தைக்கு வந்தால் கதிரையை விட்டு எழும்பிவிடுவார். ஒரு மனிதனைத் தலை வீங்க வைக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

மாமாவுக்குச் சாகாமத்தில் வயல். அறுத்த வயலில் நடக்கும்போது தாள் குத்தி அந்தச் சின்ன விரலில் புண் வந்தது. சீனி வருத்தக்காரர், புண் ஆறவில்லை. கிளினிக்கில் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: "ஒரு நாளைக்கு ரெண்டு தரம் இன்சுலின் ஊசி போடணும். சீனி இறங்காட்டி இந்த விரல வெச்சிருக்க ஏலா."

யார் போடுவது? பர்ஹானா ஊசியைக் கண்டாலே மயங்கி விழுவாள். மாமிக்குக் கண் மங்கல். "நான் போடுறன்" என்றேன். அலுவலகத்தில் ஒரு நாள் முதலுதவிப் பயிற்சிக்குப் போனவன் நான். (பகல் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கிவிட்டேன். ஆனால் சான்றிதழ் இருக்கிறது.) கிளினிக்கில் இருந்த மிஸ்ஸி, நர்ஸை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், எப்படிப் போடுவது என்று காட்ட வந்தார்.

"தேவல்ல மிஸ்ஸி, எனக்குத் தெரியும்."

"வடிவாத் தெரியுமா? வயித்துல போடணும்."

"எங்கட மருமகனுக்கு எல்லாம் தெரியும் மிஸ்ஸி" என்றார் மாமா, பெருமை தாங்காமல். அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது என்று எந்த வாயால் சொல்வது?

அன்று அசர் தொழுகைக்குப் பிறகு முதல் ஊசி. திரைக்குப் பின்னால் மாமியும் பர்ஹானாவும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும். மாமாவுக்கு நோகக் கூடாது என்று நான் மெய்யாகவே ஆசைப்பட்டேன். அந்த ஆசைதான் குடியைக் கெடுத்தது. ஐஸ் வைத்தால் மரத்துப் போகும் என்று எங்கோ கேட்டிருந்தேன். எதில் வைப்பது என்று கேட்கவில்லை. மருந்துப் போத்தலை ஒரு கோப்பை ஐஸ் தண்ணீரில் கால் மணி நேரம் ஊற வைத்தேன். தோலைத் துடைக்க ஸ்பிரிட் இல்லை. கல்யாணத்துக்கு வந்த ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. பஞ்சில் ஊற்றித் தாராளமாகப் பூசினேன். வீடு முழுக்கக் கல்யாண வாசம்.

அடுத்தது இடம். மிஸ்ஸி வயிறு என்றார். மாமா சாரனைத் தொப்புளுக்கு மேலே இறுக்கி உடுப்பவர், அதற்கு மேல் ஒரு பெல்ட் வேறு. வந்து இருபது நாளான மருமகன், "மாமா, சாரனைக் கொஞ்சம் இறக்குங்க" என்று சொல்வதா? எனக்கு வாய் வரவில்லை. கையைப் பிடித்தேன். நாற்பது வருஷம் மண்வெட்டி பிடித்த கை, கிள்ளிப் பார்க்கச் சதை கிடையாது.

"பயப்படாதீங்க மாமா. மெல்லமாத்தான் போடுவன்."

மெல்லமாகத்தான் போட்டேன். உலகத்தில் எவனும் இவ்வளவு மெல்லமாக ஊசி போட்டிருக்க மாட்டான். ஓடிக்கொலோன் காயுமுன்னே, ஐஸ் மருந்தோடு, ஒரு நெல்லளவு குத்தி நிறுத்தினேன். நிறுத்திவிட்டு, பாவி நான், விசாரித்தேன்:

"நோகுதா மாமா?"

"இல்ல மருமகன்."

இன்னும் ஒரு நெல்லளவு. "இப்ப?"

"ஒண்டும் தெரியல்ல, மருமகன்." சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது. ஓடிக்கொலோன் கண்ணுக்குப் பட்டிருக்கும் என்று நினைத்தேன். அவருடைய கால்விரல்கள் பத்தும் சீமெந்துத் தரையைப் பிறாண்டிக்கொண்டிருந்ததையும் கண்டேன். அதற்கு நான் ஒரு காரணமும் தேடவில்லை. ஊசியை எடுத்து, குத்திய இடத்தைத் தைலம் தேய்ப்பதுபோல அழுத்தித் தேய்த்தும் விட்டேன். திரைக்குப் பின்னால் யாரோ, "மாப்பிள்ளைட கை ராசியான கை" என்றது கேட்டது. அந்த வார்த்தையை இரண்டு நாள் மனசுக்குள் வைத்துச் சப்பினேன்.

அடுத்த நாள் சுபஹ் தொழுகையோடு மாமா வயலுக்குப் புறப்பட்டார். ஊசியும் மருந்தும் ஒரு பிளாஸ்குக்குள். "சாகாமத்துல ஒரு மிஸ்ஸி இரிக்கா. ரெண்டு தரமும் அவ போடுவா. ஒங்களுக்கு ஏன் மருமகன் கரைச்சல்?" என்றார். அன்றிலிருந்து தினமும் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவார். எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் கூட. என் கை ராசியைப் பயன்படுத்தவில்லையே என்று.

பத்து நாளில் விரல் கறுத்தது. கிளினிக்கில் மிஸ்ஸி மருந்துப் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுல ஒரு தரம்தானே மருந்து எடுத்திரிக்கி?"

மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை. "மறதி, மிஸ்ஸி" என்றார்.

அப்போதுதான் கூட வந்திருந்த மாமி என்னோடு முதன்முதலாக நேராகப் பேசினார். திரையும் இல்லை, மகளும் நடுவில் இல்லை. "மறதி இல்ல மருமகன். ஒங்கட ஊசிக்குப் பயந்து ஓடினவரு. ஆசையாப் போடுற புள்ளைக்கு நோகுதெண்டு எப்பிடிச் சொல்றதாம்? சாகாமத்துல ஒரு மிஸ்ஸியும் இல்ல!"

மிஸ்ஸி புது ஊசி ஒன்றை எடுத்தார். போத்தலைக் குளிர் போகும்வரை உள்ளங்கையில் வைத்திருந்தார். துடைத்த இடம் காயக் காத்திருந்தார். மாமாவிடம் சாரனை இறக்கச் சொன்னார், மாமாவும் சின்னப் பிள்ளைபோல இறக்கினார். தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளிச் சதையை மெல்லப் பிடித்து, "இந்தப் போகம் விளைச்சல் எப்பிடி?" என்று கேட்டார். மாமா மழையைக் குறை சொல்லத் தொடங்கினார். ஊசி ஒரே தரத்தில் உள்ளே போய், கொஞ்ச நேரம் நின்று, வெளியே வந்தது. தேய்ப்பு கீய்ப்பு ஒன்றும் இல்லை.

மாமா மழையைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டு, "சரி, இனிப் போடுங்க மிஸ்ஸி" என்றார்.

"போட்டு முடிஞ்சி வாப்பா."

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். கோபமே இல்லாத பார்வை. ஒரு அறை விட்டிருந்தால் இன்றைக்கு நிம்மதியாக இருப்பேன்.

விரலை அந்தக் கிழமையே எடுத்தார்கள். பத்து நாளில் மட்டும் வந்த வினை இல்லை என்று டாக்டர் சொன்னார். நான் நம்பவில்லை, இன்றுவரை நம்பவில்லை.

வீட்டில் அது பகிடியாகிவிட்டது. நான் சுவரில் ஆணி அடித்தாலும், "மெல்லமாத்தான் போடுவாரு" என்கிறார்கள். பர்ஹானாவுக்குப் பிரசவ வலி கண்டு ஓட்டோவில் கொண்டுபோகும்போது என் வாய் சும்மா இருக்காமல் "நோகுதா?" என்று கேட்டுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னாள்: "ஒண்டும் தெரியல்ல, மருமகன்." ஓட்டோக்காரர் கண்ணாடியில் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இப்போது இரண்டு வேளையும் நான்தான் போடுகிறேன். மிஸ்ஸியிடம் மூன்று நாள் நின்று படித்தேன். புது ஊசி, குளிர் போன மருந்து, ஒவ்வொரு தரமும் வேறு இடம், நடுவில் வயல் கதை. எல்லாம் முறைப்படிதான். ஊசி உள்ளே நிற்கும்போது மட்டும் கேட்காமல் இருக்க முடிவதில்லை.

"நோகுதா மாமா?"

"ஒண்டும் தெரியல்ல, மருமகன்."

அன்று சொன்ன அதே சொல், அதே சிரிப்பு. அதனால் நான் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. குனிந்து வலது காலைப் பார்க்கிறேன். அங்கே நாலு விரலும் சும்மா கிடந்தால்தான் எனக்கு மூச்சு வருகிறது.