வயலட் முத்திரையும் பதினோரு வீடும்

மனிதர்களில் ஆவணக் காவலர் என்று ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். தோளில் ஜோல்னாப் பை, சட்டைப் பையில் பூதக்கண்ணாடி, பெயருக்கு முன்னால் யாரும் கொடுக்காத ஒரு பட்டம். யார் வீட்டிலாவது பழைய காகிதம் இருந்தால் போதும், இவருக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

நான் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். முப்பது வருஷமாகக் காகிதத்தோடு மாரடிக்கிறவன் என்பதால் இந்த இனத்தைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் யோக்கியதை உண்டு. எங்கள் பகுதிக்கு வாய்த்தவர் ‘முத்துநகர் வரலாற்றுச் செம்மல்’ தங்கதுரை அண்ணாச்சி.

சாவு வீட்டுக்கு எல்லோரும் துக்கம் கேட்கப் போவார்கள். இவர் பரணைப் பார்க்கப் போவார். பதினாறாம் நாள் விசேஷமோ, முப்பதாம் நாள் பூசையோ, இவருக்கு மதபேதம் கிடையாது. கால் கிலோ மக்ரூன் பொட்டலத்தோடு வந்து, பந்தியில் இரண்டாம் முறை ரசம் வாங்கிக்கொண்டே, “பெரியவரு டைரி எழுதுவாவளோ?” என்று மெதுவாக ஆரம்பித்து, கை கழுவி முடிப்பதற்குள் டைரி, கடிதக்கட்டு, சங்கத்துப் பதிவேடு, சட்டம் போட்ட குரூப் போட்டோ எல்லாவற்றையும் இறக்கச் சொல்லி, “இங்கன கெடந்தா கரையான் தின்னுரும்லா? நம்மகிட்ட இருந்தா வரலாறு” என்று பைக்குள் தள்ளிக்கொண்டு கிளம்பிவிடுவார். வீட்டார் பரண் காலியான சந்தோஷத்தில் கும்பிட்டு அனுப்புவார்கள். ரசீதா? கேட்டுப் பாருங்கள். ஆயுசுக்கும் பேசமாட்டார்.

அந்தக் காகிதமெல்லாம் எங்கே போகிறது? அவர் வீட்டு மாடி அறைக்கு. அங்கே உப்பளத்துக் காலிச் சாக்குகளில் மூட்டை மூட்டையாகக் கட்டி அடுக்கியிருக்கிறார். உப்புச் சாக்கில் கரையான் ஏறாது என்பது அண்ணாச்சியின் சொந்தக் கண்டுபிடிப்பு. கரையான் ஏறவில்லை, வாஸ்தவம். ஐப்பசி மழையில் சாக்கு கசிந்து ஈரம்தான் ஏறியது.

மூட்டைக்குள் போவதற்கு முன்னால் ஒரு சடங்கு நடக்கும். ‘தங்கதுரை வரலாற்று ஆவணக் களஞ்சியம்’ என்று வட்டமாக ஒரு ரப்பர் முத்திரை செய்து வைத்திருக்கிறார். வயலட் மை. பக்கத்துக்குப் பக்கம் குத்துவார். ஒருமுறை கேட்டேன், ஓரத்தில் குத்தினால் ஆகாதா என்று. “ஓரத்துல குத்துனா கிழிச்சு எடுத்துருவானுவ. முக்கியமான எடத்துலதான் குத்தணும், அப்பந்தான் எவனும் திருட முடியாது” என்றார். இந்த அறிவுக்குத்தான் ஊரில் வருஷத்துக்கு நாலு பொன்னாடை.

சரி, அந்தக் காகிதத்தை யாராவது படிக்கலாமா? ஐயோ! வைக்கோற்போர் நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது. கூட்டத்தில் ஒரு தாளைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவார், நாம் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் பைக்குள் போட்டுவிடுவார். வாட்ஸப்பில் அரைப் பக்கம் போட்டு ‘மீதி என் நூலில்’ என்பார். அந்த நூல் இருபத்திரண்டு வருஷமாக அச்சில் இருக்கிறது. என் கடையில் ஒரே ஒரு நகல் எடுக்கச் சொன்னாலும், “அந்த வெளிச்சம் பட்டா எழுத்து அழிஞ்சிரும்வே” என்று பதறுவார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி என்றுதான் நானும் இருந்தேன், பிலோமினாவுக்கு நோட்டீஸ் வருகிறவரை.

பிலோமினா இறால் கம்பெனியில் வேலை பார்ப்பவள். அவள் அப்பா ரோச், கடலில் மூழ்கிச் சங்கு எடுப்பவர்களின் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தவர். 1967-ல் கடற்கரை ஓரமாகப் பதினோரு குடும்பத்துக்கு வீட்டு இடம் ஒதுக்கினார்கள். அதை அறிவித்த சங்கக் கூட்டத்தை ரோச் தன் கையால் மினிட் புத்தகத்தில் எழுதி, வந்திருந்த அதிகாரியிடம் அந்தப் பக்கத்திலேயே தேதியோடு கையெழுத்தும் வாங்கி வைத்தார். அதைத் தவிர வேறு தாள் கிடையாது. இப்போது அந்தப் பதினோரு வீடும் ஆக்கிரமிப்பு, காலி செய்யுங்கள் என்று நோட்டீஸ். மினிட் புத்தகமோ, ரோச்சின் முப்பதாம் நாள் பூசையன்று கால் கிலோ மக்ரூனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

மூன்று முறை போய் வெறுங்கையோடு திரும்பினாள். நாலாவது முறை நானும் கூடப் போனேன்.

“அண்ணாச்சி, செவ்வாக்கிழம விசாரண. அப்பா புத்தகம் வேணும்.”

“கேட்டலாக் போய்ட்டு இருக்குல்லாம்மா. இப்ப உருவுனா வரிச கலைஞ்சிரும்.”

“வீடு போனா நாங்க எங்கன போவோம்?”

“நீ வீட்டப் பாக்க. நான் வரலாற்றப் பாக்கேன்.”

“எங்க அப்பா எழுதுனதுதான? எங்க வீட்டுல இருந்து நீங்க எடுத்துட்டு வந்ததுதான?”

“அதெல்லாம் அப்ப. இப்ப அது சமுதாயச் சொத்து.”

“அந்தச் சமுதாயந்தான் அண்ணாச்சி ஒங்க மாடிப்படில உக்காந்திருக்கு, எட்டிப் பாருங்க” என்றாள்.

எட்டிப் பார்த்தார். மற்ற பத்து வீட்டுப் பெண்களும் படிக்கு ஒருத்தியாக உட்கார்ந்திருந்தார்கள். அண்ணாச்சி சாக்கை அவிழ்த்தார். ஆனால் இனத்தின் குணம் போகுமா? புத்தகத்தைக் கையில் கொடுக்கவில்லை. “நானே கொண்டு வாரேன். அதிகாரிகிட்ட எம் பேரச் சொல்லணும்” என்று நிபந்தனை போட்டார்.

செவ்வாய்க்கிழமை பொன்னாடையோடு விசாரணைக்கு வந்தார். அதிகாரி நல்ல மாதிரி. பொறுமையாகப் பக்கம் பக்கமாகப் புரட்டி, 1967-க்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

“இது எந்த ஆபீஸ் சீல்?”

“என்னோடதுதான் சார்” என்றார் அண்ணாச்சி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

“இதுக்கு அடியில என்ன இருந்துச்சு?”

“கையெழுத்தும் தேதியும் சார். ரொம்ப முக்கியமான எடம்லா, அதான் ரெண்டு தடவ குத்துனேன்.”

நான் எட்டிப் பார்த்தேன். உப்புச் சாக்கின் ஈரத்தில் மை ஊறிப் பரவி, ஒரு உள்ளங்கை அகலத்துக்கு வயலட் கறை. அதற்குள் அன்றைய அதிகாரியும் இல்லை, ஆண்டும் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ரப்பர் முத்திரையை அவர் நெற்றியிலேயே குத்தியிருப்பேன். “இத வச்சு நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா. வேற ஆதாரம் இருந்தா இருபத்தெட்டாம் தேதி கொண்டு வாங்க” என்று அதிகாரி புத்தகத்தை மூடினார்.

வெளியே வந்ததும் பிலோமினா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அவரை நேராகப் பார்த்து, “கரையான் தின்னுருந்தாக்கூட ஓரத்துலதான் அண்ணாச்சி தின்னுருக்கும்” என்றாள். அன்று சாயங்காலம் வாட்ஸப்பில் அவர் படம் வந்தது. ‘மக்கள் போராட்டத்துக்கு ஆவணம் தந்த செம்மல்.’ நூற்று நாற்பது பேர் கைகூப்பியிருந்தார்கள்.

சிரிக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். வேறு ஆதாரம் ஒன்று இருக்கிறது. அதே கூட்டத்தில் எடுத்த போட்டோ. ரோச், கையெழுத்துப் போட்ட அந்த அதிகாரியின் பக்கத்தில் நிற்கிறார், பின்னால் பலகையில் தேதியும் பதினோரு பெயரும் சுண்ணாம்பில் எழுதியிருக்கிறது. 1998-ல் கோயில் திருவிழா மலரில் போடுவதற்காக யாரோ அதை இரவல் வாங்கிப் போனார்கள். மலர் வரவேயில்லை. வாங்கிப் போனது யார் என்று பிலோமினாவுக்கு நினைவில்லை. “நல்ல மனுசருதான். ரெண்டு நாள்ல தாரேம்மான்னு சொன்னாவ” என்கிறாள்.

நான் முதல் காரியமாக என் கடையைத் துழாவினேன். அந்தப் படம் இல்லை. ஆனால் அடி இழுப்பறையில் முத்துச்செல்வி என்கிற பெண்ணின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் கிடந்தது. அசல். பதினோரு வருஷத்துக்கு முன்னால் மெஷின் மூடிக்கு அடியில் மறந்து விட்டுப்போனது. வந்து கேட்டால் கொடுக்கலாம் என்று பத்திரமாக வைத்திருந்தேன். வீடு அடுத்த தெருதான். நேற்று கொண்டுபோய்க் கொடுத்தேன். இடுப்பில் குழந்தையோடு நின்றவள் சான்றிதழையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, “இத வச்சு நீங்க என்ன அண்ணாச்சி பண்ணுனிய?” என்றாள். கடைக்குத் திரும்பி மற்ற இழுப்பறைகளையும் கவிழ்த்துக் கொட்டினேன்.

ஆகவே உங்களைக் கேட்கிறேன். அலமாரியின் மேல்தட்டில், பழைய காலண்டர் அட்டைகளுக்கு நடுவில், நீங்கள் ‘பத்திரமாக’ எடுத்து வைத்தவற்றில் ஒருமுறை பாருங்கள். கறுப்பு வெள்ளைப் படம். பின்பக்கத்தில் ‘ரோச் வீடு, திருப்பிக் கொடுக்கணும்’ என்று பென்சிலில் எழுதியிருக்கக்கூடும். கையெழுத்து உங்களுடையதாகவே இருந்தால் வெட்கப்பட இப்போது நேரமில்லை. இருபத்தெட்டாம் தேதி காலை பத்து மணிக்கு விசாரணை.