மெஷினை வெயிலில் காயவைத்தது பற்றி மச்சானுக்கு

விருத்தாசலம்,
28.05.2006

அன்புள்ள மச்சான் ஆனந்தராஜுக்கு,

கொளஞ்சியப்பர் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அக்கா பிரபாவும் சுகம். மஸ்கட்டில் நீயும் தங்கச்சி துர்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிட்டுக்கொள்கிறோம். அங்கே அடிக்கிற வெயிலில் வெளியே அலையாதே. வெயில் என்று எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. காரணம் கீழே வரும். போனில் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். போனில் என்றால் நீ பாதியிலேயே கத்துவாய், நான் பயந்துபோய் மழை பெய்ததா என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவேன். கடிதம் என்றால் முழுக்கப் படித்துவிட்டுத்தானே கத்த முடியும்.

விஷயம் இதுதான். எண்பத்தைந்தில் நம் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து ஒரு கம்ப்யூட்டர் கட்டினாயே, அதைத் தேடிக்கொண்டு சென்னையிலிருந்து ஒரு பெண் வந்தாள். பேர் கார்முகில், முப்பது வயது இருக்கும். கம்பெனிக்காரர்கள் செய்த கம்ப்யூட்டர் எதுவும் அவளுக்கு வேண்டாமாம். அந்தக் காலத்தில் ரேடியோ மெக்கானிக்கும் பள்ளிக்கூட வாத்தியாரும் ஆசைப்பட்டுத் தங்கள் வீட்டிலேயே கட்டின மெஷின்களையும், கட்டினவர்களின் கதையையும் ஊர் ஊராகப் போய்ச் சேர்க்கிறாள். நீ ஒரு எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகைக்கு நம் வீட்டு விலாசம் போட்டு எழுதின கடிதம் பழைய பேப்பர் கடையில் அவள் கண்ணில் பட்டிருக்கிறது. உடனே எனக்கு எழுதினாள். 'மெஷின் இருக்கிறதா? இரண்டு வாரத்தில் வருகிறேன். கட்டினேன் என்று சொல்பவர்கள் நிறைய. ஓடுவதைக் கண்ணால் பார்த்தால்தான் கட்டியவர் பெயரைப் பதிவில் ஏற்றுவோம்' என்று.

நான் அந்த மெஷினை ஒருநாளும் மதித்ததில்லை என்பது உனக்கே தெரியும். பொம்மைச் சூளையில் நெருப்பு எத்தனை மணி நேரம் எரிந்தது என்று காட்டி, மணிக்கு ஒருதரம் ஒலி எழுப்பத்தான் அதைக் கட்டினாய். நானோ பீடியை எண்ணி நேரம் சொல்கிற சூளை மேஸ்திரி. ஒரு கட்டு தீர்ந்தால் தீயைக் குறைக்கலாம் என்பது என் கணக்கு. அந்தக் கணக்குக்குப் போட்டியாக மச்சான் மெஷின் கட்டுகிறானே என்ற எரிச்சல் எனக்கு இருந்தது, இப்போது சொன்னால் என்ன. ஆனாலும் அதற்குப் பீங்கானில் பெட்டி செய்து கொடுத்தது நான்தான் என்பதை மறந்துவிடாதே. நீ சொன்ன அளவுக்கே செய் என்று அடம்பிடித்தாய், முதல் பெட்டி சூளையில் சுருங்கி உன் பலகை உள்ளேயே போகவில்லை. இரண்டாவதை என் கணக்குப்படி பெரிதாகச் செய்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது.

நீ மஸ்கட் போன பிறகு உன் அக்கா அந்த மெஷினைத் தன் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை மூடியைத் திறந்து, உள்ளே வரிசையாக உட்கார்ந்திருக்கிற, நீ சிப் என்று சொல்கிற கறுப்புப் பூச்சிகள் ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். துடைக்கவும் மாட்டாள், தம்பி மெஷின் என்று தொடவும் விடமாட்டாள். இருபது வருஷச் சந்தனம் அப்பளம் மாதிரி அப்பிக் கிடந்தது. இதைப் பார்த்தால் சென்னைப் பெண் நம்மைப் பற்றி என்ன நினைப்பாள் என்று எனக்கு மானப்பிரச்சினையாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து உங்கள் சித்தி பெரியம்மாளுக்கு உடம்பு சரியில்லை என்று பிரபா ஸ்ரீமுஷ்ணத்துக்குப் போய்ப் பத்து நாள் தங்கிவிட்டாள். பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷையும் ஈரத்துணியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு பூச்சிகள் மற்றதைவிடப் பெரிசு. ஒன்றின் முதுகில் கடைக்காரன் ஒட்டின காகிதம் இருந்தது, எழுத்து இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். இன்னொன்றின் முதுகில் சந்தனத்துக்கு அடியில் சின்னதாக ஒரு கண்ணாடி ஜன்னல் இருந்தது. அதை முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்தேன். ஈரத்தோடு எதையும் சூளையில் ஏற்றாதே, வெடிக்கும் என்பது முப்பத்தொரு வருஷம் நான் பத்துப் பேருக்குச் சொன்ன பாடம். கரண்ட்டும் ஒருவகை நெருப்புதானே என்று மெஷினை மொட்டைமாடிக்குத் தூக்கிப் போய், மூடியைக் கழற்றி, கத்திரி வெயிலில் எட்டு நாள் காயவைத்தேன். பொம்மையைத் திருப்புகிற மாதிரி காலையில் ஒரு பக்கம், சாயங்காலம் ஒரு பக்கம் திருப்பியும் வைத்தேன்.

கார்முகில் வந்தாள். பெட்டியைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "சார், இது பீங்கானா? இப்படி ஒண்ண நான் எங்கயும் பார்த்ததில்ல" என்றாள். "சுருக்கம் போக அளவு எடுத்தது நான்தான்மா" என்று ஆரம்பித்து, முதல் பெட்டியின் கதையிலிருந்து சொன்னேன். அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள் மச்சான்! நான் சொல்வதை ஒருத்தி எழுதிக்கொண்டது ரேஷன் கார்டுக்குப் பிறகு அன்றைக்குத்தான். பிறகு மூடியைத் திறந்தாள். நான் தேய்த்த கண்ணாடி ஜன்னல் மேல் விரலை வைத்தாள்.

"இந்தக் கண்ணாடி மேல எதாவது ஒட்டியிருந்துதா சார்?"

"சந்தனம்தான். பளிச்சுன்னு எடுத்துட்டேன். எட்டு நாள் வெயில்ல காயவெச்சிருக்கேன், சொட்டு ஈரம் கெடையாது."

அவள் முகம் போன போக்கே சரியில்லை. கோபப்படாமல்தான் சொன்னாள். மெஷின் என்ன செய்ய வேண்டும் என்று நீ எழுதின எண்கள் எல்லாம் அந்த ஜன்னல் வைத்த பூச்சிக்குள்தான் இருக்குமாம். கரண்ட் இல்லாமலே எத்தனையோ வருஷம் இருக்குமாம். அந்த ஜன்னல் வழியாக வெயில் பட்டால் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துவிடுமாம். இருபது வருஷமாக அதைக் காப்பாற்றியது உன் அக்கா வைத்த சந்தனம். ஆயிரத்து இருநூறு டிகிரியில் நின்றவன் நான். வெயில் எழுத்தை அழிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கார்முகில் தான் கொண்டுவந்த பெட்டியிலிருந்து கரண்ட் கொடுத்து ஒவ்வோர் இடமாகக் கேட்டுப் பார்த்தாள். காகிதம் ஒட்டின பூச்சி பிழைத்ததால்தான் மெஷின் பதிலாவது சொல்கிறதாம். எங்கே கேட்டாலும் எஃப் எஃப் என்றே சிவப்பாக எரிந்தது. "எல்லா அறையும் காலி சார்" என்றாள்.

ஊரிலிருந்து திரும்பிவிட்டிருந்த உன் அக்கா கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "எதுக்குங்க அதத் தொட்டீங்க? இத்தினி வருசத்துல ஒரு நாளு தொட்டிருப்பீங்களா? ஒங்க பேர்ல கொளஞ்சியப்பர்கிட்ட பிராது எழுதிக் கட்டுறேனா இல்லையா பாருங்க" என்றாள். சாமி சன்னிதியில் கட்டின புகார்ச் சீட்டுக்கு வாய்தா கிடையாது என்று உனக்குத் தெரியும். நீ எண்களை எழுதி வைத்த நோட்டு இருந்தால் போதும், மறுபடி ஏற்றலாம் என்றாள் கார்முகில். அது மஸ்கட்டில் உன்னிடம் இருக்கிறது என்று சொன்னதும் பையை மூட ஆரம்பித்தாள். பதிவில் உன் பெயர் வருவதாக இருந்தது மச்சான், அதை நான் பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டேன்.

அப்போதுதான் பிரபா ஒரு முறத்தில் முருங்கைக்கீரையோடு வந்து உட்கார்ந்தாள். "நோட்டு எதுக்கு? நான் சொல்றேன், நீ பட்டன அழுத்துமா" என்றாள்.

சொன்னாள் மச்சான். கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னாள். "மூணு ஈ, ஜீரோ ஜீரோ, டி மூணு, ஜீரோ ஒண்ணு..." என்று இருநூற்றுச் சொச்சம் ஜோடி, ஒரு இடத்திலும் தயங்கவில்லை. அந்தப் பூச்சி வருவதற்கு முன்னால் கரண்ட் போகிற ஒவ்வொரு தரமும் மெஷின் எல்லாவற்றையும் மறந்துவிடுமாமே? நீ அழுத்த அழுத்த அவள்தான் நோட்டைப் பார்த்துப் படிப்பாளாமே? "ஒரு நாளைக்கு நாலு தடவ கரண்டு போவும், நாலு தடவயும் படிப்பேன்" என்றாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறேன், எனக்குத் தெரியாது. அக்காவும் தம்பியும் மாடியில் ஊர்க்கதை பேசுகிறார்கள் என்று கீழே உட்கார்ந்து பீடி பிடித்திருக்கிறேன். கார்முகில் ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே வந்தாள்.

விளக்குகளில் ஜீரோ வந்தது, ஒன்று வந்தது, நிமிஷம் ஓட ஆரம்பித்தது. ஒரு மணி ஆகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன் என்றாள் அந்தப் பெண். மூன்று பேரும் டீ ஆறிப்போனது தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். ஐம்பத்தொன்பது வந்தபோது நான் மூச்சே விடவில்லை. பிறகு ஒன்று, ஜீரோ ஜீரோ. ஒலி எழுந்தது. கார்முகில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும்தான், மறைப்பானேன். இருபது வருஷம் முட்டாளாக இருந்திருக்கிறேன். எப்பேர்ப்பட்ட மெஷினைக் கட்டியிருக்கிறாய் நீ!

ஆகவே மெஷின் சென்னையில் கார்முகில் ஆட்களின் சேகரிப்புக்குப் போகிறது. 'கட்டியவர்: ஆனந்தராஜ், விருத்தாசலம்' என்று பதிவில் ஏறும். பக்கத்திலேயே வைக்க உன் நோட்டையும் கேட்கிறார்கள். தாமதிக்காமல் கூரியரில் அனுப்பு. துர்காவுக்கு எங்கள் அன்பும் பிள்ளைகளுக்கு ஆசியும். எல்லோரும் நீடூழி நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் மாமா கலியமூர்த்தி

பின்குறிப்பு: மேலே எழுதினதை உன் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். நோட்டை அனுப்பச் சொன்ன இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

"அத அனுப்ப வேணாங்க. நோட்டுல இருக்கறது ஓடாது. அவன் எழுதினபடி போட்டா அம்பத்தொம்பது வரும், ஒரு மணி ஆவாது, திரும்ப ஜீரோவுல வந்து நிக்கும். மூணு மாசம் சோறு எறங்காம கெடந்தான். படிச்சிப் படிச்சி எனக்குத் தெரிஞ்சிபோச்சி, திரும்பிப் போற எடம் ரெண்டு தப்பி இருக்குதுன்னு. அவன் ரெண்டு ஆறுன்னு எழுதியிருந்தான். நான் ரெண்டு எட்டுன்னு படிச்சேன். ஓடிடுச்சி. அன்னிக்கு அவன் குதிச்ச குதி நீங்க பாக்கல. அதுக்கப்புறம் எப்படிங்க சொல்றது? இப்பத் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சிடுவான்."

சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நான் பேனாவை மறுபடி எடுத்தேன்.

ஆகவே மேலே நீ நீ என்று நான் புகழ்ந்த இடங்களை எல்லாம் திருத்தி வாசித்துக்கொள். நோட்டைத் திறந்து பார். ரெண்டு ஆறு என்று உன் கையெழுத்தில் இருந்தால் அதை அடிக்காதே, அப்படியே அனுப்பு. நடந்ததை ஒரு தாளில் உன் கையால் எழுதிக் கூட வை. அனுப்ப வேண்டாம் என்பது உன் அக்கா பேச்சு, அனுப்பு என்பது என் பேச்சு. இந்தக் கடிதத்தை அவளுக்குத் தெரியாமல் நானே போய்த் தபாலில் போடுகிறேன். இதைத் தபால்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று எழுதுகிறேன், வருகிற வழியில் டெலிபோன் பூத்திலிருந்து கார்முகிலைக் கூப்பிட்டு, கட்டியவர் என்ற இடத்தில் இரண்டு பெயர் எழுத முடியுமா என்று மட்டும் கேட்டேன். காரணம் சொல்லவில்லை. "ரெண்டாவது பேரு பிரபாம்மாதான சார்? அன்னிக்கே எடம் விட்டுட்டேன்" என்றாள்.