சேற்றுப் போத்தலும் என் பிளீச்சிங் பவுடரும்

வத்தேகம,
டிசம்பர் 6.

மதிப்புக்குரிய மச்சான் கணேஸ் அவர்களுக்கு,

இங்கு நான், உங்கள் தங்கை, மகள் யசோதினி மூவரும் சுகம். ஹட்டனில் நீங்களும் அக்காவும் சுகமாயிருக்க மாரியம்மனை வேண்டுகிறேன். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, மூன்று வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் சொல்லலாமென்றால் உங்கள் தங்கை பக்கத்தில் வந்து காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். அதனால்தான் கடிதம்.

யசோ தன் பட்டப்படிப்பின் கடைசி வருஷ ஆராய்ச்சிக்காகக் கண்டி வாவியின் ஓரத்திலிருந்து ஒரு போத்தல் சேறு கொண்டுவந்து, குசினி ஜன்னல் தட்டில் வைத்திருந்தாள். அதற்குள் ஒரு வகை பக்டீரியா இருக்கிறதாம். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சீவன், சேற்றிலுள்ள இரும்பை எடுத்துத் தன் உடம்புக்குள்ளேயே காந்தக்கல்லைப் பளிங்குபளிங்காகச் செய்து, பாசிமணி கோத்தமாதிரி வரிசையாக வைத்துக்கொள்ளுமாம். பூமியின் காந்தம் அந்தச் சரத்தைத் திருப்புமாம். திரும்பின திசையிலேயே நீந்தித் தனக்குப் பிடித்த, காற்றுக் குறைந்த சேற்றைத் தேடிப் போகுமாம். "நமக்கும் இப்படி ஒண்ணு இருந்தா, நீங்க கண்டி டவுன்ல வழி தவற மாட்டீங்கப்பா" என்றாள். சிரித்தேன். முப்பத்தொரு வருஷம் பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராயிருந்து, பக்டீரியாவைக் கொல்லவே சம்பளம் வாங்கியவன் நான். அதை வளர்க்க ஒரு மகளைப் பெற்றேனே என்றும் நினைத்துக்கொண்டேன்.

தீபாவளிக்கு வீடு கழுவினோம் அல்லவா, அன்றைக்குத்தான் வந்தது வினை. குசினியில் ஒரே கூழ்முட்டை நாற்றம். சனிக்கிழமையானால் லயத்து வீடுகளின் சாக்கடைக் கான்களுக்கு மருந்து போட்டுப் பழகின கை, மச்சான், சும்மா இருக்குமா? நாற்றம் வந்த போத்தலை எதென்று பாராமல் திறந்தேன், ஒரு கரண்டி பிளீச்சிங் பவுடர் போட்டேன், கேத்தலில் கொதித்த தண்ணீரையும் ஊற்றினேன், குலுக்கிக் கானில் கொட்டினேன். அப்புறந்தான் அந்தச் சீவன்களை ஒரு பக்கமாக இழுக்கப் போத்தலில் ஒட்டியிருந்த காந்தத் துண்டும் பிள்ளையின் கையெழுத்தும் கண்ணில் பட்டன. அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாம். செய்தேனா? சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னாலுள்ள ஓடையில் இறங்கி, அதே போத்தலில் சேறும் தண்ணீரும் அள்ளி, காந்தத்தைத் துடைத்து ஒட்டி, இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்துவிட்டேன். மகள் வந்து "போத்தலை யாரும் தொடலையே?" என்று கேட்டாள். நான் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

சேறு செத்துப்போயிருக்கும், ஆராய்ச்சி பலிக்கவில்லை என்று விட்டுவிடுவாள் என்றுதான் கணக்குப் போட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை துள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். "அப்பா, மொதல்ல பாத்தப்ப பத்துப் பதினஞ்சுதான் இருந்திச்சு. இப்ப எண்ணவே முடியல!" மைக்ரோஸ்கோப்பில் பார்த்து எடுத்த வீடியோவைப் போனில் காட்டினாள். ஒரு துளித் தண்ணீரின் ஓரத்தில் புள்ளி புள்ளியாக மொய்த்துக் கிடந்தன. காந்தத்தைத் திருப்பினதும் அத்தனையும் ஒன்றாகத் திரும்பி மறுபக்கம் ஓடின. அந்தப் பொடிசுகளுக்குக்கூடப் போகவேண்டிய வழி தெரிகிறது, அறுபத்தாறு வயதில் எனக்குத் தெரியவில்லையே என்று கூசிப்போனேன்.

அதோடு விட்டதா? அவளுடைய விரிவுரையாளர் நவரட்ணராஜா, யாழ்ப்பாணத்து மனிதர், என்னையே போனில் கூப்பிட்டுவிட்டார். "உங்கட மகள் நல்ல வேலை செய்திருக்கிறா. வாவிச் சேத்தில இவ்வளவு இருக்குமெண்டு நான் நினைக்கேல்லை. வாற கிழமை வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில அவவைத்தான் பேச விடுறன். நீங்களும் கட்டாயம் வாங்கோ, முன் கதிரை உங்களுக்குத்தான்" என்றார். "சந்தோசம் சார்" என்றேன். தூ! எனக்கு வெட்கமில்லை?

இல்லாத ஒன்றை வாவியில் கண்டதாகப் பத்துப் படித்தவர்கள் முன்னால் என் பிள்ளை சொல்லப் போகிறாள். நாளைக்கு வேறொருவர் வாவிச் சேற்றை எடுத்துப் பார்த்தால் பொய்காரி என்று பெயர் வாங்குவது அவள்தான். தாய்மாமன் நீங்கள், சொன்னால் கேட்பாள். ஞாயிறன்று வந்து பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். தீபாவளிக்கு வந்திருந்தபோது நீங்களே தவறிக் கொட்டிவிட்டதாகச் சொன்னால் இன்னும் விசேஷம். உங்கள்மேல் அவளுக்குக் கோபம் வராது.

அக்காவுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆயிரம் முத்தம், உங்களுக்கு நீண்ட ஆயுள்.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத
ராஜரத்தினம்

பி.கு.: கவரை ஒட்டச் சொல்லி உங்கள் தங்கையிடம் கொடுத்தது என் மடத்தனம். பிரித்துப் படித்துவிட்டாள். ஏசப் போகிறாள் என்று பார்த்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். "ஐயோ, நீங்க கொட்டினது வாவிச் சேறே இல்லீங்க. செப்டம்பர்ல தட்டத் தொடைக்கிறப்ப நான் அதக் கவுத்துட்டேன். வல்லாரப் பாத்தியில சேத்த அள்ளி ரொப்பி வச்சேன்."

இருவருமாகப் போய் யசோவிடம் சொல்லிவிட்டோம். அவள் ஒரு வார்த்தை ஏசவில்லை. எங்கள் முன்னாலேயே நவரட்ணராஜா சாரைக் கூப்பிட்டு, "சார், அது வாவிச் சேறு இல்ல. போத்தலப் பத்திரமா வைக்காதது என் தப்புதான். வெள்ளிக்கிழமை நான் பேசல" என்றாள். எங்கள் பெயரை எடுக்கவே இல்லை, மச்சான். போனை வைத்துவிட்டு அறைக்குள் போய் அழுதாள்.

ஆகவே நீங்கள் வந்து ஒன்றும் சொல்ல வேண்டாம். பழியை உங்கள் தலையில் போடச் சொன்ன வரியை மட்டுமாவது அடித்துவிடலாமென்று பேனாவை எடுத்தேன். "அடிக்காதீங்கப்பா, அப்படியே அனுப்புங்க. மாமாவும் படிக்கட்டும்" என்று யசோ பக்கத்திலேயே நிற்கிறாள்.