மாதிரித் துண்டின் மேல் பத்துப் பேர்

ஒரே ஒரு ஊரிலே, வானத்துக்கு ஒரு மனுவும் நகர மன்றத்துக்கு ஒரு மனுவும் போட்டுவிட்டு, எது முதலில் இளகும் என்று பார்த்திருக்கிற ஊரிலே, ஒரு நூலகம் இருந்ததாம். ஊர் தூண்டபில்லி. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், மேற்குக் கோடியில், செம்மண் புழுதி கிளம்பினால் ஆடு எது ஆள் எது என்று தெரியாத இடம். நூலகர் லோர்னாவுக்கு வயது அறுபத்திரண்டு; இடது இடுப்புக்கு மட்டும் எண்பது.

ஒரு நாள் மன்றத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. பொது இடங்களில் உள்ள இருக்கைகள் எப்பொருளால் ஆகியிருத்தல் வேண்டும் என்பது இன்னும் முடிவு செய்யப்படாமையால், மேற்படி இருக்கைகள் பொதுமக்கள் நலன் கருதி அகற்றப்படுகின்றன. சுற்றறிக்கை வந்த வண்டியிலேயே நாற்காலிகள் போய்விட்டன. அரசாங்கத்தில் வேகம் இல்லை என்று எவன் சொன்னது?

மறுவாரம் இன்னொன்று வந்தது. ஜூன் முப்பதாம் தேதி தலை எண்ணப்படும். 'அமர்ந்து பயன்படுத்துவோர்' பத்துப் பேருக்குக் குறைந்தால் நூலகம் மூடப்படும். நின்று படிப்போர் வழிப்போக்கராகக் கருதப்படுவர்.

லோர்னா இரண்டு தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டிலும் கையெழுத்து ஒன்றே. இருக்கைப் பொருள் தகுதி அலுவலர், டெரெக் ஹாலிஹன்.

கூப்பிட்டதும் அவர் பெட்டியோடு வந்தார். பெட்டிக்குள் தேநீர்த் தட்டு அளவில், வகைக்கு இரண்டாக மாதிரித் துண்டுகள்: மரம், இரும்பு, தோல், துணி, பிளாஸ்டிக்.

"மரத்துல போடுங்களேன், டெரெக்."

"தீப்பிடிக்கும்."

"சுத்தி ஆறாயிரம் புத்தகம் இருக்கு. நாற்காலிக்குத் தீ வர்றதுக்குள்ள படிக்க என்ன மிஞ்சும்?"

"புத்தகம் வேற பிரிவுங்க. நான் தலையிட முடியாது."

"சரி, இரும்பு?"

"இழுத்தா கிறீச்சுனு கத்தும். இது அமைதி மண்டலம்."

"பிளாஸ்டிக்?"

"கடல் ஆமைக்கு ஆகாது."

"இங்கிருந்து கடல் ஆயிரம் கிலோமீட்டர்!"

"அது ஆமைக்குத் தெரியாதே."

"துணி மெத்தை?"

"கிருமி உட்காரும்."

"உட்காரட்டுமே! பத்துத் தலைக்கு ஆச்சு."

டெரெக் குறிப்பேட்டை எடுத்து, 'கிருமி கணக்கில் சேருமா? மேலிடத்தில் விளக்கம் கேட்க' என்று எழுதிக்கொண்டார்.

"அப்போ இந்தத் துண்டுல ஒண்ணுகூடத் தேறலையா?"

"துண்டெல்லாம் தேறினதுதாங்க. முத்திரை பாருங்க. கால் முளைச்சு நாற்காலி ஆனாத்தான் தகராறு."

லோர்னா முத்திரையைப் பார்த்தார். டெரெக்கைப் பார்த்தார். "பெட்டி இங்கேயே இருக்கட்டும். ஜனங்க பார்க்கட்டும்" என்றார் சாதுவாக.

ஜூன் முப்பது. அந்தத் தெற்கு நாட்டில் ஜூன்தான் குளிர்காலம்; வெளியே குளிர் பல்லைக் கடித்தது. லோர்னா அறுபது தாண்டிய பத்துப் பேரைத் திரட்டிவிட்டார். ஆட்டு ரோமம் கத்தரித்தே முதுகு வளைந்த கிழவர் மெர்வ் முன்னால் வந்தார். அவர் பின்னால் லாமிங்டன் கேக் தட்டோடு பெரில். தரையில் வரிசையாக மாதிரித் துண்டுகள்.

"எதும்மா இருக்கை?"

"அதுதான்."

"இதுவா? இதுல என் அரைப் பக்கம்கூட அடங்காதே!"

"பட்டாப் போதும், மெர்வ். மிச்சம் உங்க சொந்தப் பொறுப்பு."

"எனக்குத் தோலு!" என்றார் பெரில். "இரும்புல உட்கார்ந்தா உறைஞ்சுபோவேன்."

பத்துப் பேரும் முனகிக்கொண்டே இறங்கினார்கள். டெரெக் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். பொருள், தகுதி பெற்றது. ஆள், அமர்ந்திருக்கிறார். எனவே அமர்ந்தோர். எண்ணினார், பத்து. நூலகம் பிழைத்தது. லோர்னா கைதட்டினார்.

அதன் பிறகுதான் யாராலும் எழ முடியவில்லை என்பது தெரிந்தது.

லோர்னா மெர்வை இழுத்தார். மெர்வ் பெரிலைப் பிடித்தார். மூவரும் கேக் தட்டில் விழுந்தார்கள். கடைசியில் தீயணைப்பு வண்டி வந்து ஒவ்வொருவராகத் தூக்கியது. டெரெக் கடமை தவறாமல் எழுதினார்: 'சராசரி அமர்வு நேரம், ஆறு மணி பதினெட்டு நிமிடம்.' மாநிலத்தில் வேறெந்த நூலகத்திலும் எவனும் நாற்பது நிமிடம் தாண்டியதில்லை.

மாநிலத் தலைநகரமான பிரிஸ்பேன் விழித்துக்கொண்டது. மெலிந்த கண்ணாடிக்காரர்கள் வந்து படம் பிடித்து, இதற்கு 'மண்ணோடு இணைந்த அமர்வு' என்று பெயர் வைத்தார்கள். தலைநகரத்து அலுவலகங்கள் நாற்காலிகளை வீதியில் எறிந்தன. ஒரு பல் வைத்தியர் நோயாளியைத் தரையில் கிடத்தி, பக்கத்தில் தானும் படுத்துக்கொண்டு பல் பிடுங்கினாராம்.

ஊருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. மெர்வ் தன் சாய்வு நாற்காலியை நாய்க்குக் கொடுத்துவிட்டார். பெரில் சாப்பாட்டு மேசையை வாசலில் வைத்து, 'வேண்டுவோர் எடுத்துக்கொள்ளலாம்' என்று எழுதினார். ஒருவரும் எடுக்கவில்லை, எடுத்தால் மானம் போகும்.

செப்டம்பரில், இருக்கையில்லாச் சிறந்த நூலகம் என்று மாநில விருது அறிவித்தார்கள். விழா நாளில் வாசகர்கள் துண்டுகளின் மேல் உட்கார்ந்து காத்திருக்க, பரிசைப் பிரித்தார்கள். நாற்காலி. கை வைத்தது, முதுகுக்கு மெத்தை வைத்தது.

லோர்னா டெரெக்கைப் பார்த்தார். "இதுக்குத் தகுதி பார்க்கணுமா?"

"பரிசுக்குத் தகுதி பார்க்கிறது மரியாதையில்லைங்க."

மூன்று மாதமாகக் குனிந்து குனிந்து ஆட்களைத் தூக்கிய இடுப்பு அது. லோர்னா உட்கார்ந்துவிட்டார்.

"லோர்னா!" என்றார் பெரில். "ஊர் மானம்!"

"என் இடுப்பு, பெரில்!"

"எங்களுக்கு இல்லையா இடுப்பு? நாங்க பெருமையா வலிக்க விடலை?"

வெளிநடப்புச் செய்வது என்று ஒருமனதாக முடிவாயிற்று. ஆனால் எழுந்தால்தானே நடப்பு? வேறு வழியில்லாமல் லோர்னாவே நாற்காலியை விட்டு எழுந்து, தன்னைப் புறக்கணிக்கப் போகிறவர்களை ஒவ்வொருவராகக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். "மெதுவா, மெதுவா" என்றார். "உன் தயவு வேண்டாம், இன்னும் கொஞ்சம் பலமா இழு" என்றார் பெரில். வாசலில் ஒவ்வொருவராக வாசகர் அட்டையை வைத்துவிட்டுப் போனார்கள்.

லோர்னா மறுபடி உட்கார்ந்தார். டெரெக் குறிப்பேட்டில் 'அமர்ந்தோர்: ஒன்று' என்று எழுதினார். "அடுத்த ஜூனுக்குள்ள இன்னும் ஒன்பது பேர் பிடிச்சிடுங்க" என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மெர்வ் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எப்படிம்மா இருக்கு?" என்றார், காற்றுக்குக்கூடக் கேட்காத குரலில்.

"சொர்க்கம், மெர்வ். வாங்க, ஒரு நிமிஷம் உட்கார்ந்து பாருங்க."

மெர்வ் அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். மெத்தையை ஒரு விரலால் அமுக்கினார். விரல் உள்ளே போனது. கண் தானாக மூடியது. வெளியே பெரிலின் செருமல் கேட்டது.

"வெட்கமா இல்லை உனக்கு!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்திவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மெர்வ் நொண்டி நொண்டி நடந்து போய்விட்டார்.