மூட்டுவலித் தைலம்

அன்று எனக்கிருந்தது ஒரே வேலை. கப்பல் துறைக்குப் போய், மெயின்லாந்திலிருந்து எங்கள் தீவுக்கு வரும் சண்முகத்திடம் ஒரு தைலப் புட்டியை வாங்கி வருவது.

அறுபதுகளில், தீவின் டாலிகஞ்ச் பகுதியில், வெள்ளிக்கிழமைப் பஜனைக்கு அடியேன்தான் தலைமை. நாற்பத்தைந்து வயதில் ஆண்மைத் தளர்ச்சி வந்துவிட்டது. மேலே பூசினால் போதும் என்று மதுரை வைத்தியர் ஒருவர் தைலம் தருவதாகக் கேள்வி. பதிகம் ஓதும் வாயால் அதைச் சொல்வதெப்படி? "மூட்டுவலிக்கு. சிவப்பு மூடித் தைலம் என்று கேளுங்கள், போதும்" என்றிருந்தேன்.

துறையில் சண்முகம் கைவிரித்தார்.

"கப்பல் சாமானை சாமி முன்னால வச்சுத்தானே பிரிப்போம், அண்ணாச்சி? தைலமும் அந்த மூட்டையிலதான் இருக்கு!"

எங்கள் வழக்கம் அது. புளியோ, மல்லியோ, எது வந்தாலும் முருகன் முன் வைத்து எல்லா வீட்டுக்கும் பங்கு.

அன்று மாலை, ஒளிக்காமல் ஈயச் சொல்லும் பதிகத்தை உருகிப் பாடி முடித்தேன். புட்டி வெளியே வந்தது.

"அண்ணாச்சியோட மூட்டுவலித் தைலம்!"

எங்கள் குழுவில் அத்தனை முழங்கால்கள் இருப்பதை அன்றுதான் அறிந்தேன்!

"எனக்கு ரெண்டு சொட்டு, அண்ணாச்சி!"

"எங்க அத்தைக்கு முட்டி மடங்கவே மாட்டேங்குது!"

"பாய்ஸாப், தோடா ஹம்கோ பி!" என்று பக்கத்து வீட்டு வங்காளிப் பெரியவரும் தனக்கும் கொஞ்சம் கேட்டுக் காலை நீட்டினார்.

பாடிய வாய் ஈரம் உலரவில்லை. எப்படி மறுப்பேன்? என் பங்குக்குக் காலிப் புட்டி கிடைத்தது.

உண்மை அறிந்த ஒரே ஆள் என் மனைவி சிவகாமி. பெண்கள் வரிசையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

மறுவாரம் ஒரே ஆரவாரம்.

"முட்டி பறக்குது அண்ணாச்சி! உங்களுக்கு எப்படி?"

"அப்படியேதான் இருக்கிறது."

சிவகாமிக்கு இருமல் வந்துவிட்டது.

"பாவம், நமக்குக் கொடுத்துட்டு வலியோட நிக்காரே!" என்று உருகிய குழு, ஒரு பெட்டித் தைலத்துக்கு என் பெயரிலேயே சொல்லியனுப்பியது. வேண்டாமென்று மன்றாடினேன்.

"என்ன அடக்கம் பாருங்க!" என்றார்கள்.

அடுத்த கப்பலில் பெட்டியைக் கொண்டுவந்தவர் ஒப்பந்தக்காரர் முத்தையா. கடல் இரைச்சலையும் மிஞ்சும் குரல் அவருக்கு. பஜனை நடுவே முழங்கினார்:

"அண்ணாச்சி! வைத்தியர் சொல்லிவிட்டாரு. 'இவ்வளவும் ஒரே ஆளுக்கா? வீட்டம்மா மேல கொஞ்சம் இரக்கம் வைக்கச் சொல்லுங்க!'"

தாளம் நின்றது. எல்லோரும் குனிந்து தத்தம் முழங்காலைப் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு பங்கு பிரித்தோம். மூட்டுவலி இல்லாதவர் அங்கே ஒருவருமில்லை. என் பங்குக்குக் காலிப் பெட்டி.