ஞாயிற்றுக்கிழமையை வென்ற மன்னர்

உலகத்தில் நாட்டை வென்ற மன்னர்கள் உண்டு. கடலை வென்றவர்களும் உண்டு. முந்தின நாளை வென்ற ஒரே மன்னர் எங்கள் டியூடர் வம்சத்தின் முதல் மன்னர்தான். பிரெஞ்சுக்காரர்கள் எவ்வளவு வயிறெரிந்தாலும் இந்தப் பெருமை இங்கிலாந்துக்கே.

நடந்தது இதுதான். இரண்டு அரச குடும்பங்கள் முப்பது வருடம் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு களைத்தன. ஆயிரத்து நானூற்று எண்பத்தைந்து ஆகஸ்டில், ஒரு திங்கட்கிழமை, லெஸ்டர் பக்கத்துச் சதுப்பு வெளியில் கடைசிச் சண்டை. பழைய மன்னர் செத்தார். புதியவர் கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். இதை எந்த முரடனும் செய்துவிடுவான். மேதைமை நவம்பரில்தான் வெளிவந்தது. 'மன்னரின் ஆட்சி ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிட்டது' என்று நாடாளுமன்றம் அறிவித்தது. ஆகவே திங்கட்கிழமை பழைய மன்னருக்காக வில் பிடித்தவர்கள் அத்தனை பேரும் துரோகிகள். அவர்கள் வீடு வாசல் எல்லாம் பறிமுதல்.

நகரமன்ற எழுத்தன் என்ற முறையில் இந்த அறிவிப்பைச் சந்தையில் உரக்கப் படித்தவன் நான். படித்து முடித்ததும் நேராக மன்றத்துக்கு ஓடி, பதிவேட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

காரணம் உண்டு. சண்டைக்கு முந்தின வியாழக்கிழமை, பழைய மன்னரின் கடிதத்துக்குப் பணிந்து, 'எட்டு வில்லாளிகளை அனுப்புவது' என்று எங்கள் மன்றம் ஏகமனதாகத் தீர்மானித்திருந்தது. எட்டுப் பெயர்களையும் பதிவேட்டில் எழுதியது நான். 'முழுமனதோடு' என்ற சொல்லை, வேலை மெனக்கெட்டு, நானாகவே சேர்த்திருந்தேன். எட்டுப் பேரில் ஏழு பேர் திரும்பவில்லை. அவர்களால் மன்றத்துக்கு ஒரு தொந்தரவும் இல்லை. பீப்பாய் செய்யும் கில்பர்ட் ஸ்வேன் மட்டும் ஒரு காலை இழுத்துக்கொண்டு உயிரோடு வந்து சேர்ந்தான். மனுஷனுக்கு இங்கிதமே கிடையாது.

மேயர் ஹம்ஃப்ரி கட்லர் அவசரக் கூட்டம் கூட்டினார். வியாழக்கிழமை பழைய மன்னர்தானே மன்னர், ஞாயிறுக்கு முன்னால் செய்தது எப்படிக் குற்றமாகும் என்று ஓர் உறுப்பினர் சட்டம் பேசினார். மேயர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமைய எடுத்துக்கிட்டவருக்கு வியாழக்கிழமைய எடுக்க எவ்வளவு நேரம்யா ஆகும்?"

பிறகு 'பதிவேட்டைத் தூய்மைப்படுத்தும்' பொறுப்பு என்னிடம் வந்தது. கன்றுத்தோல் ஏட்டில் ஒரு வசதி: பேனாக்கத்தியால் பொறுமையாகச் சுரண்டினால் எழுத்து போய்விடும். சுரண்டிய இடத்தில், 'பாலத்தருகே பன்றிகளைத் திரியவிடலாகாது' என்ற தீர்மானத்தை எழுதினேன். பன்றி பழைய மன்னரின் கொடிச் சின்னம். ஆகவே சுகாதாரத்துக்குச் சுகாதாரம், விசுவாசத்துக்கு விசுவாசம்.

ஜனவரியில் பறிமுதல் ஆணையர் வந்தார். விசாரணைக்குப் போகிற வழியில் கில்பர்ட் என் வீட்டு வாசலில் நின்றான். என் மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தந்தையாக நின்றவன் அவன்தான். முகத்தில் கவலையே இல்லை.

"அண்ணே, நம்ம பேர எழுதின பக்கத்த மட்டும் எடுத்துக் காட்டிருங்க. நானாப் போகல, ஊருதான் அனுப்புச்சுன்னு தெரிஞ்சா வீட்ட விட்டுருவாங்க."

"அதெல்லாம் பாத்துக்கலாம், வா," என்றேன். சொன்னபடி பார்த்துக்கொண்டேன்.

விசாரணையில் மேயர், கில்பர்ட்டின் முகம் மட்டும்தான் தெரியும் என்றார். மன்றம் உத்தரவிட்டதா என்று ஆணையர் கேட்டார். நான் பதிவேட்டைத் திறந்து, கணீரென்ற குரலில், பன்றித் தீர்மானத்தைப் படித்தேன். கில்பர்ட்டுக்கு எழுத்து தெரியாது. அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சரியாப் பாருங்கண்ணே. மத்தப் பக்கத்துல இருக்கும்."

மற்றப் பக்கங்களையும் புரட்டினேன். நடிப்பில் குறை வைக்கவில்லை. ஆணையர், கடைசியாகச் சொல்ல ஏதாவது உண்டா என்று கேட்டார். கில்பர்ட் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நிதானமாகக் கேட்டான்.

"அவரு ஞாயித்துக்கிழமையே ராஜாவா இருந்தாருன்னா, திங்கக்கிழமை எதுக்குய்யா வந்து சண்ட போட்டாரு?"

மூன்று பல்கலைக்கழகத்தில் படித்த ஆணையர் கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இத எழுத வேணாம்," என்றார். நானும் எழுதவில்லை. வீடும் பட்டறையும் பறிமுதல் என்பதை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதினேன்.

கில்பர்ட்டும் அவன் மனைவியும் மறுநாள் ஒரு தள்ளுவண்டியோடு வடக்கே போனார்கள். போகும்போது அவன் என்னைத் திட்டியிருக்கலாம். பழக்க தோஷத்தில் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னான், பாவி.

மன்னருக்குச் சென்ற வருடம் ஆண் வாரிசும் பிறந்துவிட்டது, வம்சம் நிலைத்துவிட்டது. எங்கள் விசுவாசத்தை மெச்சி கில்பர்ட்டின் வீட்டை நகரமன்றத்துக்கே கொடுத்துவிட்டார்கள். அவனுடைய பீப்பாய் அறைதான் இப்போது பதிவேட்டு அறை. அங்கே உட்கார்ந்துதான் இந்தப் புகழுரையை எழுதுகிறேன். கன்றுத்தோலில் ஒரு சிறு கோளாறு உண்டு. எவ்வளவு சுரண்டினாலும், வெயிலுக்கு நேரே பிடித்தால் பழைய எழுத்து பழுப்பாகத் தெரியும்: எட்டுப் பேரின் பெயர், 'முழுமனதோடு', என் கையெழுத்து, எல்லாம். இந்த அறைக்குத் தெற்கே பார்த்து ஒரு ஜன்னல் இருந்தது. மன்னர் நீடூழி வாழ்க என்று வாழ்த்திக்கொண்டே, நானே அதைச் செங்கல் வைத்து அடைத்தேன்.