ஊசியண்ணன் பம்புக்கு நான் வைத்த பொட்டு

மோட்டாரே இல்லாமல் பம்ப் ஓட்டிய ஒரே மனிதர் எங்கள் ஊசியண்ணன்தான். உலகத்தில் வேறு யாராவது ஓட்டியிருந்தால் இருக்கட்டும், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அடையாறு ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் அவர் டெக்னீஷியன், நான் ஸ்டோர்ஸ் கிளார்க். அவர் பம்பில் சுற்றுவதற்கு ஒன்றும் கிடையாது. மூடி போட்ட கண்ணாடிக் குழாயில் எண்ணெய், அதற்குள் ஓர் ஊசி, ஊசிக்கு மேலே ஒரு வளையம், உச்சியில் ஒரு கிண்ணம். ஊசிக்கும் வளையத்துக்கும் நடுவே ஆயிரக்கணக்கில் வோல்ட் கொடுத்தால் மின்புலமே எண்ணெயை மேலே தள்ளும். ஊசி கூர்மையாக இருக்க வேண்டும். நாள் முழுக்க அதைத் தீட்டிக்கொண்டிருந்ததால் இந்தப் பெயர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான்.

எண்ணெயில் தூசி விழுந்தால் போச்சு. அதனால் அறையின் ஃபேனைக் கழற்றி வைத்துவிட்டார். முகத்துக்குப் பவுடர் போட்டவர்களுக்கு அனுமதி இல்லை. ஒருநாள் டைரக்டருக்கே தும்மல் வந்தது.

"சார், வெளிய போய் தும்மிக்கினு வாங்க."

டைரக்டர் போனார்.

அப்பேர்ப்பட்டவரின் பம்புக்கு, ஆயுதபூஜை லீவுக்கு முதல் நாள், பொட்டு வைத்த புண்ணியவதி நான்தான். அவர் டீ குடிக்கப் போயிருந்தார். கம்ப்யூட்டர், ஜெராக்ஸ், டைரக்டர் கார் எல்லாவற்றுக்கும் வைத்தாகிவிட்டது. இது மட்டும் மூளியாக நிற்கிறதே என்று மூடியைத் திறந்து வளையத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன்.

லீவு முடிந்த அன்றே டெல்லியிலிருந்து கமிட்டி வருகிறது. பம்ப் ஓடாவிட்டால் அறையைப் பூட்டிவிட்டு, அண்ணனை ஸ்டோர்ஸில் பல்பு எண்ண உட்கார வைத்துவிடுவார்கள். காலையில் சுவிட்சைப் போட்டார். சட்சட்டென்று பொறி பறந்தது. எண்ணெய் அசையவில்லை. குழாயில் சிவப்பாக ஏதோ மிதந்தது.

"இன்னாது இது? யாரு வச்சது?"

"நான்தாண்ணா. எல்லாத்துக்கும் வச்சேன், இதுக்கும்..." எனக்கு அழுகை வந்துவிட்டது.

சுவிட்சை அணைத்தார். "நல்லா ஓடணும்னுதான வச்ச? அழுவாத. போய் புது எண்ணெ எடுத்துக்கினு வா."

கழுவினார், காயவைத்தார், ஊசியை மறுபடி தீட்டினார். கமிட்டி உள்ளே நுழையும்போதுதான் எண்ணெயை ஊற்றி மூடினார். சுவிட்சைப் போட்டதும் எண்ணெய் கொஞ்சம் யோசித்தது. அப்புறம் சத்தமே இல்லாமல் ஏறி மேல் கிண்ணத்தில் வழிந்தது.

கமிட்டியில் ஒருவர் மேஜைக்கு அடியில் குனிந்து, "மோட்டார் எங்கே?" என்று தேடினார்.

"அது மொட்டமாடிக்கு தண்ணி ஏத்திக்கினு கீது சார்" என்றார் அண்ணன்.

பெருமையில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எங்கள் அண்ணன் என்று ரோட்டில் போகிறவர்களிடமெல்லாம் சொல்லத் தோன்றியது.

அடுத்த வருஷம் பூஜைத் தட்டோடு போனேன். வாசலை மறித்து நின்றார்.

"உள்ள வராதம்மா. அதுக்கு வெக்கிறத எனக்கு வெச்சிடு" என்று குனிந்து நெற்றியைக் காட்டினார்.

இப்போது ரிட்டயராகித் திருவான்மியூரில் இருக்கிறார். ஆபீசில் பூஜை என்றால் காலையிலேயே பஸ் பிடித்துப் போய், அவர் நெற்றியில் வைத்துவிட்டு வந்துதான் மெஷின்களுக்கு வைக்கிறேன்.